ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு

அந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளை முடிந்தால் மணி அடிக்க மாட்டார்கள். பாட்டுப் போடுவார்கள். பாட்டு ஆரம்பித்ததும் விளையாட்டை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பாட்டு முடிவதற்குள் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

என்ன பாட்டு என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள். வாரத்துக்கு ஒருவர். ஒரு பென் டிரைவில் இரண்டு பாட்டுகளை ஏற்றி, முந்தின வெள்ளிக்கிழமையே ஆபீஸ் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும். முதலாவது, வாரப் பாட்டு. இரண்டாவது, மாற்றுப் பாட்டு. முதல் பாட்டு ஓடாமல் மக்கர் செய்தால் மாற்றுப் பாட்டைப் போடுவார். ஆபீஸ் அண்ணன் எதிலும் முன்ஜாக்கிரதையான ஆள். வெயில் கொளுத்துகிற நாளிலும் கையில் குடை இருக்கும்.

அடுத்த வாரம் சுண்டெலியின் முறை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சுண்டெலி என்பது அவளுடைய பட்டப்பெயர். வகுப்பிலேயே குட்டி அவள்தான். ஆனால் அவளுக்குப் பிடித்த வாத்தியமோ சாமானியமானது இல்லை. அதன் பெயர் தூபா. பித்தளையில் செய்த ஊதுகுழல். மடியில் வைத்து வாசிக்கிறவரின் பாதி உடம்பு அதற்குப் பின்னால் காணாமல் போய்விடும். அத்தனை பெரிது.

ஒருநாள் அம்மாவின் தையல் கடையில் அவள் பித்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தபோது, ரேடியோவில் அது வந்தது. பொம்ம்ம் என்று ஒரே ஒரு சத்தம். டப்பாவில் இருந்த பித்தான்கள் கிலுகிலுவென்று ஆடின. அவள் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஆடியது. பிறகு பொம், பொம், பொபொம் என்று அந்தச் சத்தம் மெதுவாக நடக்க ஆரம்பித்தது. அன்று கறுப்புப் பித்தான் எது, நீலப் பித்தான் எது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு அக்காவை நச்சரித்து, அந்தப் பாட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள். வீட்டில் அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள்.

"என்ன பாட்டு குடுக்கப் போற?" என்று கேட்டான் பட்டாசு. அவன் அடுத்த பெஞ்ச். படபடவென்று பேசுவதால் அந்தப் பெயர்.

சுண்டெலி கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு வாசித்தே காட்டினாள். "பொம், பொம், பொபொம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"இது பாட்டா? எங்க வீட்டு மோட்டார் தண்ணி இல்லாம ஓடினா இப்படித்தான் சத்தம் போடும்" என்றான் பட்டாசு. "அதுல ஒரு வார்த்தைகூட இல்லையே."

"வார்த்தை இல்லன்னா என்ன? அது பேசுற மாதிரியே இருக்கும். கேட்டுப் பாரேன்."

"நான் சொல்றதக் கேளு. புதுசா வந்திருக்குல்ல அந்த டான்ஸ் பாட்டு, அதக் குடு. இதக் குடுத்தேன்னு வை, அஞ்சு நாளும் நம்ம கிளாஸ் மானம் போயிடும்."

சுண்டெலிக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் தூபாவை முதலாவதாகவும், டான்ஸ் பாட்டை மாற்றுப் பாட்டாகவும் ஏற்றினாள். இரண்டு பக்கமும் சமாளித்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை மதியம். சுண்டெலிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மைதானத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள். பள்ளிக்கூடக் கூரையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். தையல் கடை ரேடியோவில் வந்தபோதே பித்தான்கள் ஆடின. இதில் வந்தால் என்ன ஆகும்?

பொம்ம்ம்ம்ம்...

ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கிடுகிடுத்தன. சுவரோரம் அடுக்கியிருந்த தண்ணீர் பாட்டில்களில் ஒன்று சரிந்தது. அவளுக்குக் கால் கட்டைவிரல்வரை சிலிர்த்தது. அடுத்து அந்த நடை வரப்போகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்ட நேரத்தில், 'டக்'.

சத்தம் நின்றுவிட்டது.

"ஸ்பீக்கர் புட்டுக்கிச்சு" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த நொடி டான்ஸ் பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. மைதானமே 'ஓ' என்று ஆடிக்கொண்டே வகுப்புக்கு ஓடியது.

பட்டாசு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "என் பேச்சக் கேட்டுட்ட பாத்தியா? செம பாட்டு. எல்லாரும் உன்னப் பத்தித்தான் பேசுறாங்க."

உண்மைதான். ஆறாம் வகுப்பு அக்காக்கள்கூட, "நீயா குடுத்த? சூப்பர்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். சுண்டெலி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவளுக்கு என்னவோ போல் இருந்தது. வேறு யாருக்கோ வந்த பரிசைத் தன் பையில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அதே நேரம், இப்படியே விட்டுவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீஸ் பக்கம் போனாள். ஆபீஸ் அண்ணன் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஸ்பீக்கரின் மூடியைக் கழற்றி, திருகாணிகளை வாயில் கவ்வியிருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"என்னண்ணா ஆச்சு?"

அவர் திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டார். "ஸ்பீக்கர் போச்சும்மா. போன வாரம் நான்தான் ஈரத்துணியால தொடச்சேன். தண்ணி உள்ள போயிருச்சு போல. உன் பென் டிரைவப் போட்டதும் உறுமுது. பயந்து நிறுத்திட்டேன். மாத்துப் பாட்டு எப்படியோ ஓடிருச்சு, நாளைக்கு ஓடுமோ என்னமோ. ஹெட்மிஸ்கிட்ட என்னன்னு சொல்றதுன்னே தெரியல."

சுண்டெலிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த அண்ணன் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்யாத தப்புக்கு ஹெட்மிஸ்ஸிடம் போய்த் தலையைக் குனிந்து நிற்கப் போகிறார்.

"அண்ணா, ஸ்பீக்கர் கெட்டுப்போகல" என்றாள். "அந்தப் பாட்டே அப்படித்தான்."

"எப்படித்தான்?"

"உறுமுற மாதிரிதான் ஆரம்பிக்கும். அதுக்குப் பேர் தூபா. அதுதான் என் பாட்டு."

அண்ணன் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவா? இவ்வளவு பெரிய சத்தம் உன் பாட்டா?"

"ஆமாண்ணா. மெதுவா வச்சுக் கேளுங்க."

ஆபீஸுக்குள் போய் மெல்லிய சத்தத்தில் போட்டார்கள். பொம், பொம், பொபொம். அண்ணன் முழுவதும் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

"எனக்கு இதுல ஒண்ணும் புரியலம்மா. ஆனா ஸ்பீக்கர் தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன்" என்றார். "சரி, நாளைக்கு என்ன போடட்டும்? டான்ஸ் பாட்டுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அதையே வேணா ஓட்டிடுறேன்."

வகுப்பு சிரித்த சிரிப்பு சுண்டெலியின் காதில் கேட்டது. மதியம் கேட்ட அந்த ஒரே ஒரு 'பொம்ம்ம்'மும் கேட்டது. பாதியில் நின்றுபோன பாட்டு அவள் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

"தூபா போடுங்கண்ணா. முழுசா போடுங்க. யார் சிரிச்சாலும் நிறுத்தாதீங்க."

மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டாசிடம் சொல்லிவிட்டாள். "நேத்து ஓடினது மாத்துப் பாட்டு. என் பாட்டு இன்னிக்குத்தான் வரும்."

"அந்த மோட்டாரா? ஐயோ, வேணாம். நேத்து வாங்கின பேரெல்லாம் போயிடும்."

"போனாப் போகட்டும். அது டான்ஸ் பாட்டோட பேரு. என்னோடது இல்ல."

மதியம் வந்தது. பொம்ம்ம்ம்ம் என்று கூரையிலிருந்து அந்தச் சத்தம் இறங்கியது. இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. பொம், பொம், பொபொம்.

சிரித்தார்களா? சிரிக்காமலா? ஒரு கூட்டம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தது. நேற்றுக் கன்னத்தைக் கிள்ளிய அக்காக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "யார் குடுத்த பாட்டு இது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நான்தான்" என்றாள் சுண்டெலி. அதற்கு மேல் அவளுக்குப் பேச நேரமில்லை. அவளுடைய பாட்டு ஒரு பள்ளிக்கூடம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. தரை, சுவர், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் அதிர்ந்தன. கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பாட்டு உள்ளங்கைக்குள் ஓடியது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் யார் சிரிக்கிறார்கள், யார் முறைக்கிறார்கள் என்று பார்க்கவே மறந்துபோனாள். ஒரு 'பொம்'முக்கு ஒரு படி என்று ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் மூன்று பேர் அதேபோல் ஏறினார்கள். பாட்டு முடிந்தபோது அவள் பெஞ்சுக்கு இன்னும் இரண்டடி தூரம் இருந்தது. டீச்சரிடம் திட்டு கிடைத்தது. சிரித்த முகமாகவே வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமைக்குள் சிரித்தவர்களுக்கே சிரிப்பு அலுத்துவிட்டது. அன்று சாயங்காலம் பட்டாசு அவளைத் தனியாகக் கூப்பிட்டான். அடுத்த வாரம் அவன் முறை.

"முதல்லயே சொல்லிடுறேன். எனக்கு உன் பாட்டு இன்னமும் பிடிக்கல" என்றான்.

"சரி" என்றாள் சுண்டெலி.

பட்டாசு சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "எங்க பாப்பாவத் தூங்க வைக்க அம்மா போன்ல ஒரு தாலாட்டு போடுவாங்க. பாப்பா தூங்கினப்புறமும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். ரொம்பப் பிடிக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல. சிரிக்காத."

"சிரிக்கல. அதையே குடு."

"எல்லாரும் என்னைய ஓட்டுவாங்களே?"

"ஓட்டுவாங்கதான்" என்றாள் சுண்டெலி. "ஆனா கூரை ஸ்பீக்கர்ல உன் பாட்டு வரும்போது எப்படி இருக்கும் தெரியுமா? கைப்பிடியத் தொட்டுப் பாரு."

பட்டாசின் கண்கள் பெரிதாகின. "மாத்துப் பாட்டா அந்த டான்ஸ் பாட்டு வச்சுக்கவா?"

"மாத்துப் பாட்டும் உனக்குப் பிடிச்சதாவே இருக்கட்டும்."

திங்கட்கிழமை மதியம். கூரையிலிருந்து தாலாட்டு தவழ்ந்து வந்தது. நான்காம் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். சிலர் பட்டாசைப் பார்த்து விரல் சூப்பிக் காட்டினார்கள். பட்டாசு காது சிவக்கப் படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் சுண்டெலி நின்றாள்.

ஆபீஸ் அண்ணன் குடையோடு வேகவேகமாக வந்தார்.

"இந்தத் தடவ முதல்லயே கேட்டுக்கிறேன். சத்தம் ரொம்ப மெதுவா வருதே. ஸ்பீக்கர் கோளாறா, இல்ல பாட்டே இப்படித்தானா?"

"பாட்டே இப்படித்தாண்ணா" என்றான் பட்டாசு, எல்லோருக்கும் கேட்கும்படி.