துடைத்து வைத்த துப்பாக்கி

மொன்டானா மலையடிவாரத்தில் இருக்கிற அந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிப் பேர் சர்ச்சில் இருப்பார்கள். மீதிப் பேர் துப்பாக்கி துடைப்பார்கள். வெர்னா ஸ்டிக்னி முதல் வகை. அவள் கணவன் ஹார்லன் இரண்டாவது வகை.

பதினொன்றரைக்கு அவள் வீடு திரும்பியபோது, ஹார்லன் கீழ்த்தளத்தில் பட்டறை மேசையடியில் செத்துக் கிடந்தான். நெஞ்சில் ஒரே குண்டு.

மேசைமேல் ஒரு கைத்துப்பாக்கி பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் குழலுக்குள் விட்டு இழுக்கிற கம்பி, கரி பிடித்த துணித் துண்டுகள். இன்னொரு துப்பாக்கி தரையில் கிடந்தது. கறுப்பு எஃகுக் கைத்துப்பாக்கி, பழைய மாடல். எண்ணெய் பூசி மினுமினுத்தது.

"இதை எடுத்துத் துடைக்கப் போயிருக்கான். உள்ள குண்டு இருக்கான்னு பாக்கல," என்றான் ஷெரீஃப் கான்ட். "கவனக்குறைவு. எழுதிக்கோ லோர்னா."

டெபுடி லோர்னா டெய்க் எழுதவில்லை.

வெர்னா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "தோட்டா எல்லாம் சமையலறை டப்பாவோட சரி, கான்ட். இந்தப் படியத் தாண்டி ஒண்ணு கீழ வந்ததில்ல."

"எல்லாருக்கும் ஒருநாள் மறக்கும்மா."

"அவருக்கு மறக்காது. இது கொலை. நீங்க கவனக்குறைவுன்னு எழுதி மூடிட்டீங்கன்னா, செஞ்சவன நானே தேடிப் போவேன். என் கைப்பையிலயும் ஒண்ணு இருக்கு. தெரியும்ல?"

கான்டுக்குத் தெரியும். லோர்னாவுக்கும் தெரியும். வெர்னா குறி தப்புகிறவள் இல்லை.

லோர்னா கையுறையோடு தரையில் கிடந்ததை எடுத்தாள். "நேத்து கிளப்புல அவர் சுட்டது இதுதானே?"

"இதேதான். கரியோட அப்படியே கொண்டுவந்து வெச்சார்," என்றாள் வெர்னா.

இப்போது அதில் கரி இல்லை. சற்றுமுன் சுட்ட துப்பாக்கி. வாய்ப்பக்கத்தில்கூடப் புகைக்கறை இல்லை. பிடியிலும் விசையிலும் ஒரு ரேகை கிடையாது. ஹார்லனின் எண்ணெய்ப் புட்டியோ மூடி திறக்காமல் அலமாரியில் நின்றது. எண்ணெய் எப்போதும் அவனுக்குக் கடைசி வேலை. அவன் கைகளில் கரி இருந்தது, எண்ணெய் இல்லை.

பிடிக்குள் இருந்த மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டை, அவள் கழற்றினாள். அதில் மட்டும் எண்ணெய் இல்லை. கறுப்பாக, சுத்தமாக, ஒரு புள்ளியும் இல்லாமல் இருந்தது.

"ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமா?"

"விபத்துக்கா? வேற வேலை இல்லையா உனக்கு?"

லோர்னா கிளம்பிப் போனாள். ஆபீசில் தன் மேசை இழுப்பறைக்குள் மேகசினை வைத்தாள். பக்கத்தில் ஒரு கோப்பை வெந்நீர் வைத்துப் பூட்டினாள்.

திங்கட்கிழமை, துப்பாக்கி கிளப். க்ளைட் ரேமி பெஞ்சில் சாய்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான்.

"சனிக்கிழமை ஹார்லனோட சண்டை போட்டியாமே?" என்றாள் லோர்னா.

"போட்டில ஜெயிச்சு கோப்பைய அவன் தூக்கிட்டுப் போனான். கத்தினேன். அதுக்கெல்லாம் கொல்றதா இருந்தா இந்த ஊர்ல கல்லறை தோண்டவே ஆள் பத்தாது."

"ஞாயித்துக்கிழமை காலைல?"

"தூங்கினேன். சாட்சி வேணும்னா என் நாயக் கேளு. அதுகூட என்னைப் பத்தி நல்லதா சொல்லாது."

சுவரில் துப்பாக்கி மாட்டும் பலகைக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது: 'ஆரின், தொடாதே!'

"அது நம்ம கிளப் ஆரின் பெக்ஸ்லிக்கு எழுதின தமாஷு," என்றான் க்ளைட். "அவன் வேர்வை அப்படி. எஃகுல பட்டா திராவகம் மாதிரி. ஒரு தடவை என்னோடதத் தொட்டுட்டு அப்படியே வெச்சுட்டான். மறுநாள் பாத்தா அஞ்சு விரலும் துருவா நிக்குது. அவன்கூட கைகுலுக்கினா மோதிரமே அரிச்சுப் போயிடும்."

அன்று மாலை, ஆரின் பெக்ஸ்லியின் வீடு. காபிக் கோப்பையை நீட்டிய அவன் கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. சுவரில் மகன் கிப்பின் படம்.

"ஹார்லன் மேல கோபம் இருந்துச்சா ஆரின்?"

"இருந்துச்சா இல்ல. இருக்கு." அவன் குரல் உயரவில்லை. "ட்ரிகர் லேசா வேணும்னு கிப் தன் துப்பாக்கிய அவன்கிட்டதான் குடுத்தான். மூச்சு பட்டாலே வெடிக்கிற மாதிரி அராவி வெச்சுட்டான். என் பையன் செத்தான். விசாரணைல 'நான் தொடவே இல்ல, பையன் கவனக்குறைவு'ன்னு சத்தியம் பண்ணினான். அவங்களும் எழுதிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை காலைல எங்க இருந்தீங்க?"

"ஆத்துல. மீன் பிடிச்சேன். ஒண்ணும் மாட்டல."

செவ்வாய்க்கிழமை காலை லோர்னா இழுப்பறையைத் திறந்தாள். பார்த்தாள். மறுபடி பூட்டினாள்.

புதன்கிழமை மாலை கிளப்பில் ஹார்லனுக்கு அஞ்சலிக் கூட்டம். வெர்னா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹார்லன் மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த துப்பாக்கியை, பாகங்களை மறுபடி சேர்த்து லோர்னா கொண்டுவந்திருந்தாள். காலித் துப்பாக்கி.

"ஹார்லனோடது. ஆளுக்கொரு தரம் கையில வாங்கிட்டு, மேசைல வெச்சுடுங்க."

கான்ட் வாங்கினான், வைத்தான். க்ளைட் வாங்கினான், குறி பார்த்தான், வைத்தான். ஆரின் வாங்கினான். அவன் கண் எங்கேயோ இருந்தது. வலது கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் ஓர் எண்ணெய்த் துணியை எடுத்தது. குழல், பிடி, விசை என்று ஓர் இடம் விடாமல் துடைத்தது. பிறகு வைத்தான்.

 எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் செஞ்சீங்க," என்றாள் லோர்னா. "ரேகைய மறைக்கணும்னு நினைச்சிருந்தா, ஹார்லன் கையில குடுத்து அழுத்தி அவர் ரேகையப் பதிச்சிருப்பீங்க. நீங்க அதை நினைக்கவே இல்ல. தொட்டா துடைக்கணும், அவ்வளவுதான். செத்தவர் தன்னைச் சுட்டுக்கிட்டு, எந்திரிச்சு, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டாரா?"

"ஊர்ல எல்லாரும்தான் எண்ணெய்த் துணி வெச்சிருக்காங்க," என்றான் ஆரின்.

லோர்னா மேகசினை மேசைமேல் வைத்தாள். மூன்று நாள் இழுப்பறையில் வெந்நீர் ஆவி பட்ட கறுப்பு எஃகின் நடுவே செம்பழுப்புத் துருவாக ஒரு கட்டைவிரல். குறுக்கே தழும்பு.

"தோட்டாவ நீங்க கொண்டுவந்தீங்க. இதுல அழுத்தி, உள்ள தள்ளினீங்க. வெளியதான் துடைச்சீங்க, உள்ள இருந்தத மறந்துட்டீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இதுல ஒரு புள்ளி கிடையாது. அதுக்கு முந்தின நாள் தொட்டிருந்தா அப்பவே துரு ஏறியிருக்கும். அன்னிக்குக் காலைல தொட்ட விரல் இது."

வெர்னாவின் கை பைக்குள் போனது. லோர்னா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

ஆரின் எழுந்து நின்றான். "அவனக் கொல்றது பெரிசில்ல. அவன் பேருக்கு முன்னாடி 'கவனக்குறைவு'ங்கற அந்த வார்த்தைய எழுத வைக்கணும். என் பையனுக்கு எழுதின அதே வார்த்தை. அதுக்குத்தான்."

கான்ட் விலங்கை எடுத்து அவன் கைகளில் மாட்டினான்.

"விடு லோர்னா. சுட மாட்டேன்," என்றாள் வெர்னா. எழுந்து ஆரினிடம் போனாள். அவன் காதோரம் நெருங்கி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அராவினது அவர்தான். விளக்கு பிடிச்சது நான். கோர்ட்ல கேப்பாங்க, தெரியாதுன்னு சொல்லுவேன். என் புருஷனுக்குக் கொலைன்னு எழுதுவாங்க. உன் பையனுக்கு எழுதினது எழுதினதுதான்."

மகனைப் புதைத்த நாளிலும் அழாத ஆரின் பெக்ஸ்லி, விலங்கு மாட்டிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் என்ன சொன்னாள் என்று லோர்னா கேட்டாள்.

"ஆறுதல் சொன்னேன்," என்றாள் வெர்னா. மேசைமேல் இருந்த கணவனின் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தாள். ஆரின் நன்றாகத்தான் துடைத்திருந்தான்.