வல்லியின் கைகளுக்கு விசா

பூரணவல்லியின் வலது கைக்கு விசா கிடைத்துவிட்டது. இடது கைக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

கீழப்பாறையில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஊரில் டாக்டருக்குப் படித்த எல்லோருடைய கைகளும் மேலேதான் இருந்தன. மேலே என்றால் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் வான்குடி. அங்கே காற்றும் தண்ணீரும் அளந்து கொடுக்கப்படுபவை. முழு ஆளாக ஒருவரை வரவழைத்தால் மூச்சு விடவேண்டும், சோறு தின்னவேண்டும், கால் நீட்டிப் படுக்கவேண்டும். கட்டுபடியாகாது. அதனால் வான்குடிக்காரர்கள் டாக்டர்களின் கைகளை மட்டும் வரவழைத்துக்கொண்டார்கள். டாக்டர் கீழே தன் வீட்டில் கைக்கூட்டுக்குள் விரல்களை நுழைத்து அசைப்பார். மேலே அறுவை மேசைக்கு மேல் தொங்கும் தொலைக்கை அதே அசைவைச் செய்யும். வேலை பார்ப்பது கை, ஆகவே விசாவும் கைக்கே என்று சட்டம் இருந்தது.

விசாவில் பல வழி. படிக்கிற கைக்கு மாணவர் விசா. தேர்வில் தேறிய கைக்குத் திறன் விசா. தேறிய கையோடு ஒட்டிக்கொண்டு போகும் கைக்குச் சார்பு விசா. வல்லி தேர்வு எழுதியது வலது கையால். ஆகவே இடது கை சார்பு விசாவில்தான் போகமுடியும். இரண்டும் ஒரே உடம்பில் நெடுநாளாகச் சேர்ந்து வாழ்கின்றன என்று மட்டும் நிரூபித்துவிட வேண்டும்.

அது நிரூபணமாகாமல் போனதற்குக் காரணம் அவளுடைய அப்பா உச்சிமாகாளி.

அவர் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். மூட்டை தூக்க இயந்திரம் வராமல் இல்லை. அதன் வாடகையைவிட மனுசன் கூலி குறைவு. அந்தக் கணக்கு மட்டும் எந்தக் காலத்திலும் மாறவில்லை. மனைவி போன பிறகு அவருக்கு இருந்த ஒரே சொத்து வல்லி. விசாவுக்குக் கைகளைப் படம் பிடிக்கப் போவதற்கு முதல் நாள், நல்ல காரியத்துக்குப் போகிற கை வெறுங்கையாகப் போகலாமா என்று மருதாணி இலையைத் தானே பறித்து, தானே அரைத்து, மகள் கையில் அப்பிவிட்டார். வலது கை சோறு தின்ன வேண்டுமே. வழக்கம்போல இடது கையில் மட்டும் அப்பினார்.

படத்தில் ஒரு கை மாநிறம், ஒரு கை செக்கச் சிவப்பு. இவை இரண்டு வெவ்வேறு ஆட்களின் கைகள் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி, கோயில் கொடைத் திருவிழாவுக்கா அனுப்பினீங்க? விசாவுக்கு அனுப்பினோம்” என்று விசா முகவர் ஞானதுரை தலையில் அடித்துக்கொண்டார்.

“நல்லாத்தானவே செவந்திருந்துச்சு?”

“அதுதான் கேடு.”

மருதாணி அழியும்வரை காத்திருந்தார்கள். இரண்டு கைகளும் சேர்ந்திருக்கும் பழைய படங்களைத் தேடினார்கள். தலை பின்னுவது, முறுக்கு பிழிவது, சண்டையில் ஒருத்தி முடியைப் பிடித்து இழுப்பது என்று கிடைத்த எல்லாவற்றையும் ஞானதுரை அனுப்பினார். முடியை இழுக்கும் படத்தில் இரண்டு கைகளுக்கும் உள்ள ஒற்றுமை நம்பும்படி இருக்கிறது என்று பதில் வந்தது. விசாவும் வந்தது.

உச்சிமாகாளி சந்தை முழுக்கச் சொன்னார். மூட்டையை இறக்கி வைக்கும் முன்பே சொன்னார். “எம்மவ கை ரெண்டும் மேல போயிட்டு!”

வல்லி பின்கட்டு அறையில் கைக்கூட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கத் தொடங்கினாள். மணிக்கட்டுத் தோலுக்கடியில் ஒரு சில்லு வைத்திருந்தார்கள். மேலே பதிந்த கை கீழே வைத்தியம் பார்க்கக் கூடாது. நாடி பிடித்தாலும் சில்லு கண்டுகொள்ளும். இரண்டு விசாவும் அத்தோடு போகும்.

உச்சிமாகாளிக்கு அடிவயிற்றில் ஒரு புடைப்பு இருந்தது. மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். மகளிடம் சொன்னால் தொட்டுப் பார்ப்பாள் என்று சொல்லவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒருநாள் படுத்தும் அது உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிவிட்டது. சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவரை வல்லி பார்த்துவிட்டாள்.

“எத்தன நாளா இருக்கு? ஏம்ப்பா சொல்லல? படுங்க, பாக்கேன்.”

“தொடாத தாயி. விசா போயிரும்.”

“போனாப் போகட்டும். குடல் மாட்டிக்கிட்டிருக்கு. விட்டா அழுகிரும்.”

அவள் கையை நீட்டினாள். அவர் அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வலியில் வியர்வை வழிந்தது, பிடி மட்டும் தளரவில்லை. காலமெல்லாம் மூட்டையைப் பிடித்த கை. வல்லி உதறினாள், அழுதாள், திட்டினாள். “ஆட்டோவக் கூப்பிடு. தர்மாஸ்பத்திரிக்குப் போவோம். இந்தக் கைய மட்டும் தரமாட்டேன்” என்றார் அவர். ஆட்டோ வந்து ஏறி இறங்கும்வரை அவர் விடவில்லை.

நான்கு தெரு தள்ளி இருந்த மருத்துவமனையில் டாக்டர் என்று ஆள் கிடையாது. உள்ளூர்க் கைகளெல்லாம் மேலே போன பிறகு அங்கேயும் தொலைக்கைகளைத்தான் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றை அசைத்தவர்கள் வான்குடி டாக்டர்கள். உச்சிமாகாளியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நூறு குடல்களைச் சரிசெய்த வல்லி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பிழைத்துவிட்டார் என்ற சேதியை ஒலிபெருக்கி வழியாக அந்த வான்குடி டாக்டரே சொன்னார். மொழிமாற்றி அவரைச் சுத்தமான தமிழ் பேசவைத்தது. வல்லி நன்றி சொல்லிவிட்டு, அடக்கமுடியாமல் கேட்டாள்.

“உங்க ஊருக்கு ஆள் போதலன்னுதான எங்களக் கூப்பிடுதீங்க? நீங்க ஏன் கீழ வந்து பாக்கீங்க?”

அவர் சிரித்தார். “இங்கே எங்களிடம் யாரம்மா உடம்பைக் காட்டுவார்கள்? பக்கத்து அறைக்காரன்தானே என்பார்கள். கீழே இருந்து வந்த கை என்றால்தான் நம்புவார்கள். எனக்கும் பிழைப்பு வேண்டாமா?” பிறகு ஏதோ நினைத்தவர் போலச் சொன்னார். “உங்கள் கைகள் எங்கள் ஊரில் பதிந்தவை. அப்படியானால் நீங்களும் இந்த மருத்துவமனைக்கு வெளிநாட்டுக் கைதான். இங்கே இடம் காலியாக இருக்கிறது. விண்ணப்பித்துப் பாருங்கள்.”

வல்லிக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஞானதுரையைக் கூப்பிட்டாள்.

“நாலு தெரு தள்ளிப் போறதுக்கு விசாவா?” என்றார் அவர். “என் தொழில்ல இப்படி ஒரு ஆளப் பாத்ததில்லம்மா.” ஆனால் விசா சட்டென்று வந்துவிட்டது. உள்ளூர்க் கைக்குத்தான் அங்கே ஆயிரம் தடை. வெளிநாட்டுக் கைக்கு ஒன்றுமில்லை. கையசைவு வான்குடிக்குப் போய்த் திரும்பி வருவதால் சில்லும் கண்டுகொள்ளாது.

தையல் பிரிக்கும் நாள் வந்தது. உச்சிமாகாளி மேசையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மேலேயிருந்து தொலைக்கை இறங்கியது. நூல் ஒவ்வொன்றாக வந்தது. வலியே இல்லை. வெளிநாட்டுக் கை வெளிநாட்டுக் கைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி பேசியது.

“இனிமே மூட்டைய தொட்டீங்க, பாத்துக்கோங்க.”

கண்ணைத் திறந்தார். மொழிமாற்றி பேசும் தமிழ் இல்லை அது. அந்த இரும்பு விரல்களைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

“ஏட்டி, நீயா? பின்கட்டுல இருந்துதான பாக்க? அன்னைக்கு அங்கனயே பாத்திருக்கலாமே!”

“அன்னைக்கு அது குத்தம்ப்பா. இப்ப மேல போய்ச் சுத்தி வந்திருக்குல்லா, இப்ப சேவை. எந்திரிங்க, ஆள் காத்திருக்கு.”

நெஞ்சு நிறையச் சேதியோடு அவர் வெளியே வந்தார். வரிசையில் முன்னால் நின்றவள் சந்தையில் வெங்காயம் விற்கும் கனியம்மாள். கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

“அண்ணாச்சி, இன்னைக்கு யாரு கை?”

“எம்ம—” என்று வாயெடுத்தார்.

“யாரோ நம்மூருப் புள்ள கைன்னு நர்சம்மா சொல்லுதாவ. அப்படின்னா நான் கெளம்புதேன். நம்மூரு கைக்கு என்ன தெரியும்? நாளைக்கு வெளிநாட்டுக் கை வரும்லா?” கனியம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பின்னால் இன்னும் ரெண்டு பேர் எழுந்தார்கள்.

சந்தை முழுக்கச் சொன்ன வாயை உச்சிமாகாளி ஒருமுறை மூடித் திறந்தார்.

“எவ சொன்னா? சுத்தமான வெளிநாட்டுக் கை. தொட்டதே தெரியல. உக்காரு.”

கனியம்மாள் சந்தேகத்தோடு உட்கார்ந்தாள். “நம்மூருத் தமிழ் பேசுதாமே?”

“ஒண்ணு ரெண்டு வார்த்த பழகியிருக்கும்.”

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒலிபெருக்கி அலறியது. “யப்பா! நடந்து போயிராதீங்க, ஆட்டோவுல போங்க!”

வரிசை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. உச்சிமாகாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என்ன மரியாத பாத்தியா? மேல இருக்கவுக எல்லாரையும் அப்பான்னுதான் கூப்பிடுவாகளாம்.”