தொண்ணூற்றெட்டு காட்டிய விரல்

மாலை 4.05. மகள் போட்ட அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. மாடி அறைக் கட்டிலில் அவள் அப்பா இறந்துகிடந்தார். நுரையீரல் கெட்டிருந்த அவரை உயிரோடு வைத்திருந்த ஆக்சிஜன் குழாயை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

5.10. வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர், இறந்தவரின் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பதிந்துவைக்கும் கருவி. 3.30: எண்பத்தேழு. 3.40, 3.50, 4.00: தொண்ணூற்றெட்டு. பிறகு ஒன்றுமில்லை.

"நாலு மணிக்கு உள்ளே யாரு?"

"மூணரையிலிருந்து நான்தான் மாமாகூட இருந்தேன் மேடம்," என்றான் மருமகன். மனைவியின் கையை அவன் விடவேயில்லை. "நாலு மணிக்கு இவ வந்தா, நான் கீழே போயிட்டேன். அதுவரைக்கும் நல்லா இருந்தார்னு மீட்டரே சொல்லுதே."

"நான் போனப்பவே அசைவில்லை மேடம்!" மகள் இடைமறித்தாள். "முக்கியமான விஷயம், நாலு மணிக்கு வான்னு அப்பாதான் கூப்பிட்டார். நானா கொல்லுவேன்?"

மீட்டரை நம்பினால் பழி அவள் தலையில்தான். அவள் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. பயத்தில் நாக்கு குழறும், கால் நடுங்கும். உதடு நீலமாகி இன்ஸ்பெக்டர் பார்த்ததில்லை. மீட்டரை அவள் விரலில் மாட்டினார்.

எண்பத்தாறு.

"ஐயோ, நானும் செத்துடுவேனா?"

வேலையிலிருந்து ஓடிவந்திருந்த தம்பியும் விரலை நீட்டினான். எண்பத்தேழு.

"பயப்படாதீங்க," என்றார் இறப்பை உறுதிசெய்ய வந்திருந்த குடும்ப டாக்டர். "இது அப்பா வழியா வந்தது. ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கற பொருள் உங்களுக்குப் பரம்பரையா கொஞ்சம் வேற மாதிரி. உடம்புக்குக் குறையில்லை, உதடு லேசா நீலமா தெரியும், மீட்டர் குறைச்சுக் காட்டும், அவ்வளவுதான். பிள்ளைங்க பயப்படும்னு அவர் சொல்லவிடலை. பன்னண்டு வருஷத்துல அவர் விரல் எண்பத்தெட்டைத் தாண்டினதே இல்லை."

இன்ஸ்பெக்டர் மருமகன் பக்கம் திரும்பினார். "உங்க விரல்?"

"எனக்கெதுக்கு மேடம்?"

மாட்டினார். தொண்ணூற்றெட்டு.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை.

"குழாயைப் பிடுங்கினீங்க. செத்தவர் விரல் எண் காட்டாது. அதனால நாலு மணிவரைக்கும் மீட்டரை உங்க விரல்ல மாட்டிக்கிட்டு அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க. நல்ல எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு நினைச்சீங்க. இந்த வீட்டு ரத்தத்துக்கு அந்த எண் வராது."

அப்பாவின் தலையணைக்கு அடியில் கிடைத்த போட்டோவை இன்ஸ்பெக்டர் மகளிடம் காட்டினார். அவள் கணவன், வேறொரு பெண், மடியில் குழந்தை.

"இதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கார்."

மகள் குனிந்து பார்த்தாள். அவள் கை இன்னும் அவன் கைக்குள்தான் இருந்தது. வெடுக்கென்று இழுத்தாள்.

அவன் விடவில்லை.