நாலில் ஒரு பங்கு

அன்று காலை ஆவுடையப்பனுக்கு வந்த பயம் அவருடையது அல்ல. இரண்டாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று அடிவயிறு கலங்கியது. உள்ளங்கை வேர்த்தது. அவர் பதறவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, இடது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மிளகளவு மணியைத் தொட்டுப் பார்த்தார். மூன்று தடவை அதிர்ந்து நின்றது. மூன்று என்றால் ஜெரோம். கையைக் கழுவிவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"என்ன வே, காலங்காத்தால எதுக்குப் பயப்படுதீரு?"

"ஊசிப் பரிசோதனைக்கு நாள் குடுத்துட்டாங்க அண்ணாச்சி. வியாழக்கிழமை."

"அவ்வளவுதானா? நாங்க இருக்கோம்லா. போயிட்டு வாரும்."

அந்த மணிக்குப் பகிர்மணி என்று பெயர். ஜெரோமின் உடம்பில் கிளம்பும் பயத்தை அளந்து, நாலில் ஒரு பங்கை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு, மிச்சத்தை மற்ற மூன்று பேர் உடம்புக்கும் சமமாக அனுப்பிவிடும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், விசைப்படகு மெக்கானிக் ஜெரோம், ஜவுளிக்கடை மைதீன், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திய தாணுமூர்த்தி ஆகிய நான்கு பேரும் ஒரு வளையம். நான்கு பேருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்று. மெதுவாக வளர்கிற சாதி. அதை வெட்ட வேண்டாம், அவ்வப்போது இரத்தம் எடுத்தும் வருஷத்துக்கு ஒருமுறை ஊசியால் சதை எடுத்தும் பார்த்துக்கொண்டே இருப்போம், வளர்ந்தால் அப்போது கவனிப்போம் என்பதுதான் வைத்தியம்.

நல்ல வைத்தியம்தான். ஆனால் உள்ளே புற்று இருக்கிறது, நீ போய் வேலையைப் பார் என்றால் எவனுக்குத் தூக்கம் வரும்? மணி வருவதற்கு முன்பு பாதிப் பேர் வெட்டியே தீரவேண்டும் என்று டாக்டர் காலில் விழுந்தார்கள். வெட்டிக்கொண்ட பிறகு, அவர்களில் பலர் சிறுநீர் அடங்காமல் ஈர வேட்டியோடு திரிந்தார்கள். கூட்டம் போட்டு மனம்விட்டுப் பேசச் சொல்லியும் பார்த்தார்கள். தூத்துக்குடி ஆம்பிளைகள் நாலு பேரை வட்டமாக உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னால் வஞ்சிர மீன் விலையைத்தான் பேசுவார்கள். அதனால் வாயைத் திறக்காமலே பேசுகிற ஏற்பாடாக மணி வந்தது. மாட்டிய முதல் இரவே ஆவுடையப்பன் குறட்டை விட்டுத் தூங்கினார்.

"எனக்கும் ஒண்ணு குடுக்க மாட்டாங்களா?" என்று மறுநாள் மனைவி கோமதி கேட்டாள்.

"நோயாளிக்குத்தான் குடுப்பாங்க. உனக்கென்ன நோயா?" என்றார் அவர். கோமதி காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை ஜெரோம் ஊசி மேசையில் படுத்தார். பயம் கிளம்பியது. ஆவுடையப்பன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துச் சமாளித்தார். தாணுமூர்த்தி மொட்டைமாடியில் நடந்தே தீர்த்தார். மைதீனுக்கு மட்டும் ஏற்கெனவே இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தது. கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பிழைத்துக்கொண்டார் என்பது அவர் மகள் செய்த புண்ணியம். ஜெரோமுக்கு அந்த வருஷம் புற்று வளரவில்லை என்றுதான் ஊசிப் பரிசோதனையில் வந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து மைதீனைப் பார்த்தவர் தலை நிமிராமல் நின்றார்.

"எம்புட்டு வேலை பாத்துட்டேன் பாத்தீங்களா, பாய்?"

"விடும் வே. உம்ம பயம்னு ஒண்ணு தனியா இருக்கா? எல்லாம் நம்ம பயந்தானே," என்றார் மைதீன்.

அடுத்த முறை ஆவுடையப்பனுக்கு நாள் வந்தபோது அவருக்கு மைதீன் சரிந்ததுதான் நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் வந்த பரிசோதனை அழைப்பைத் தள்ளிப்போடும் பொத்தானை அழுத்தினார். அடுத்த மாதமும் அழுத்தினார். பார்க்காதவரை பெரிய பயமும் வரவில்லை, வந்த கொஞ்சமும் நாலாகப் பிரிந்து போய்விட்டது. இரத்தப் பரிசோதனைக்கும் போகாமல் இப்படி இரண்டு வருஷம் ஓடியது. மற்ற மூன்று பேரிடமிருந்தும் மணியில் சொல்லும்படியான அசைவு கிடையாது. பரவாயில்லையே, எல்லோரும் பரிசோதனையை முடித்துவிட்டுத் தெம்பாக இருக்கிறார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டார். மருத்துவமனையும் சந்தோஷப்பட்டது. வட்டாரத்திலேயே அமைதியான வளையம் என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது.

"ஊசிக்குப் போகாம வருஷம் ரெண்டாகுது. ஒரு நடை போயிட்டு வாங்களேன்," என்று கோமதி நூறு தரம் சொல்லியிருப்பாள்.

"என் மனசுல பயமே இல்ல. பெறவு என்னத்துக்குப் போகணும்?"

பயம் இல்லாத மனுஷனிடம் யார் என்ன பேசிவிட முடியும்? அவள் சமையலறைக்குள் போய் எதையாவது உருட்டுவாள். அது அவர் காதில் விழும், மனசில் விழாது.

ஜெரோம் இறந்துபோன செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நோய் முதுகெலும்புக்குப் பரவி மூன்று மாதம் ஆகியிருந்தது என்று அவர் மனைவி சொன்னபோது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த மூன்று மாதமும் ஜெரோமிடமிருந்து துளி பயம் வரவில்லை. தைரியமான ஆள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மைதீன் பாய் விழுந்த பெறவு ஊசிக்கே போகல, இடுப்பு வலின்னுதான் போனாங்க. டாக்டர் சொன்ன அன்னைக்கே மணியைக் கழட்டி மேசைக்குள்ள போட்டுட்டாங்க," என்றாள் அவள். "இதை மைதீன் பாய் தாங்க மாட்டார், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

கல்லறைத் தோட்டத்து வாசலில் தாணுமூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, நானும் ரெண்டு வருஷமா ஊசிக்குப் போகல. பாய்க்கு ஏதாவது ஆயிரக் கூடாதேன்னு பாத்தேன்."

"நானும்தான் போகல," என்றார் மைதீன். "எனக்காக நீங்க பயந்துறக் கூடாதுல்லா."

கண்காணிப்புத்தான் வைத்தியம். ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த பிரியத்தில் நான்கு பேரும் அந்தக் கண்காணிப்பையே நிறுத்தியிருந்தார்கள். அந்த நிமிஷமே மூன்று மணிகளும் சேர்ந்து அதிர ஆரம்பித்தன. யாருடைய பயம் யாருக்கு வருகிறது என்று தெரியாமல் மூன்று பேரும் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மூத்தவன் நாந்தான். மொதல்ல நான் போறேன்," என்றார் ஆவுடையப்பன்.

"போங்க அண்ணாச்சி. என்ன வந்தாலும் நாங்க கழட்ட மாட்டோம்," என்றார் தாணுமூர்த்தி. மைதீன் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

பத்து நாள் கழித்து டாக்டர் பெனிட்டா படத்தைத் திரையில் காட்டிப் பேசினாள். புற்று சுரப்பியைத் தாண்டிவிட்டது. இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருக்கலாம்.

"ஐயா, நான் சொல்றது புரியுதா?"

"புரியுதும்மா. இடுப்பெலும்பு." அவர் எழுந்தார். "கீழ கேன்டீன்ல காபி நல்லாருக்குமா?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. சாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், அவருக்கு மழையில் நனைந்த அளவுக்குத்தான் சங்கடம். தங்கமான பையன்கள், வாங்கிக்கொள்கிறார்கள் என்று நினைத்தபடி படியிறங்கினார்.

முதல் திருப்பத்தில் நெஞ்சில் ஏதோ வந்து உட்கார்ந்தது. மைதீன்தான் கழற்றியிருக்க வேண்டும், அவர் பங்கும் திரும்பி வருகிறது என்று புரிந்தது. அவர் மகள்தான் பிடுங்கிப் போட்டிருப்பாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார். கீழ்த்தளத்துக்கு வருவதற்குள் கைப்பேசி அடித்தது.

"அண்ணாச்சி..." தாணுமூர்த்திக்கு மூச்சு வாங்கியது. "முடியல அண்ணாச்சி. எனக்கும் திங்கக்கிழமை ஊசி இருக்கு. மன்னிச்சிருங்க."

"இரும் வே தாணு, கொஞ்ச நேரம்..."

அந்தப் பக்கம் கைப்பேசி அணைந்தது. அடுத்த நிமிஷம் மொத்தப் பயமும் அவர்மேல் வந்து விழுந்தது. அவர் உடம்புக்கு அது பழக்கம் விட்டுப்போயிருந்தது. அடிப்படியில் உட்கார்ந்தார். காபி வாங்கப் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

கதவைத் திறந்த கோமதி அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"பயமா இருக்கு, கோமதி." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சொல்லாத வார்த்தை அது.

"தெரியுது," என்றாள். "இப்பத்தான் என்கூட இருக்கீங்க."

அவர் காதுக்குப் பின்னால் கை விட்டு மணியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அந்தக் கை அவர் கன்னத்தில் பட்டபோது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்துப் பார்த்தார். மற்றக் கையையும் பிடித்துப் பார்த்தார். அதுவும் நடுங்கியது.

"இது எப்ப இருந்து?"

"நீங்க மணியை மாட்டுன நாள்ல இருந்து," என்றாள் கோமதி.