அப்பா கணக்கில் நடந்தவள்

விடிந்தும் விடியாததுமாக வீட்டில் ரகளை. முந்தின நாள் அடித்துப் பிடித்து ஓடி வந்து அப்பாவை ஆஸ்பத்திரியில் காட்டித் திரும்பிய மகன், சமையலறை வாசலில் நின்று அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவோட இதயத் துடிப்பு தாறுமாறா இருக்குன்னு ஒரு வாரமா அந்த வாட்ச் என் போனுக்கு எச்சரிக்கை அனுப்புது! டாக்டர் பாத்தா ஒண்ணுமே இல்லங்கறார். கூடவே இருக்கிற உனக்கு எதுவுமே தெரியலையாம்மா? அவர் மேல அக்கறைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

அவள் பாத்திரத்தைத் தேய்த்தபடியே நின்றாள். நெஞ்சு படபடத்தது. பாவி நெஞ்சு, ஒரு வாரமாகவே அப்படித்தான்.

மகன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இரண்டு வருஷம் அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது தெரிந்ததும் அந்தக் கைக்கடிகாரத்தை அனுப்பினான். கட்டிக்கொண்டவர் எத்தனை அடி நடந்தார் என்பது அவன் போனில் தெரியும். அப்பாவோ ஓய்வுபெற்ற தபால்காரர். "நாப்பது வருஷம் தெருத்தெருவா நடந்தது போதும்!" என்று அதை மூலையில் போட்டுவிட்டார்.

எடுத்துக் கட்டிக்கொண்டவள் அவள். கூட்டினாள், துடைத்தாள், மாடிக்குத் தண்ணீர் சுமந்தாள். அன்று சாயங்காலமே போன் வந்தது. "அப்பா... ஒரே நாள்ல பத்தாயிரம் அடியா!" இரண்டு வருஷம் கழித்து மகன் குரல்! மனுஷன் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று ஆறு மாதமாக அவள் நடந்தாள். நேற்று மகன் வருகிறான் என்றதும்தான் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டாள்.

கூடத்திலிருந்து அப்பா எழுந்து வந்தார்.

"அவளத் திட்டாதடா... ஆறு மாசமா இது அவ கையிலதான் இருந்துச்சு. கெட்டுப்போனது என் நெஞ்சு இல்ல."

மகன் அம்மாவின் ஈரக் கையை இழுத்துப் பிடித்தான்.

"ஐயோ அம்மா! கிளம்பு... இப்பவே டாக்டர்கிட்ட போலாம்!"

"போலாம்டா. அப்பாவ மட்டும் கோவிச்சுக்காத. நீங்க ரெண்டு பேரும் மறுபடி முகத்தத் திருப்பிக்கிட்டா நான் தாங்க மாட்டேன்."

"தினம் போன் பண்ணேனே... ஒரு நாளாவது 'அம்மாகிட்ட குடுங்க'ன்னு சொல்லலையே!" அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினான்.

அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அதனால என்னப்பா... நீ அவரப் பாராட்டறப்பல்லாம் பக்கத்துலயே நின்னு கேப்பேன். எனக்குச் சொன்னதாத்தான் எடுத்துக்கிட்டேன்."