பிரேமினிக்காகச் சொன்ன பதில்

உதவிக்கு இருக்கும் பெற்றீசியா முன்னறையிலிருந்து "பிரேமினி" என்று கூப்பிட்டாள். "இருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னவள் சுலக்ஷனா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. ஹட்டன் பஸ் நிலையத்தைப் பார்த்த அந்த மாடி அறையில் வருடக்கணக்காக உளவியல் சிகிச்சை செய்துவருகிறவள் அவள். தன் பெயர் எது, வந்திருக்கும் பெண்ணின் பெயர் எது என்று தடுமாறுகிற ஆளா? பெற்றீசியா கதவுக்குள் தலையை நீட்டிச் சிரித்தாள்.

"என்னா மிஸ், பேர மாத்திக்கிட்டீங்களா? நா இந்த அக்காவத்தான் கூப்புட்டேன்."

"சரியாத் தூக்கமில்ல பெற்றீசியா. அவங்கள அனுப்புங்க."

சிரிப்போடு சிரிப்பாக அது போயிருக்க வேண்டும். போகவில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கினமாதிரி அந்த ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிரேமினி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நிரை நிரையாகக் கொழுந்து பறித்து முதுகுக்கூடையில் எறிபவள். அங்கே ஏழாம் நம்பர் மலையில் பனிமூட்டம் இறங்கும்போதெல்லாம், பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி, வேலைக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள், "இருக்கேன்" என்று சொன்னவளுக்கு அன்றைக்கு வேலை உண்டு, அது எல்லாத் தோட்டத்துக்கும் பொது. ஆனால் ஏழாம் நம்பர் மலையில் பெண்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அங்கே ஒருத்தி இன்னொருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். கூடையைத் தட்டுவாள், இருமுவாள், அவ்வளவுதான். பனிக்குள்ளிருந்து பேர் கேட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவளை அது தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், திருப்பி அனுப்பாது என்பார்கள்.

சுலக்ஷனாவும் றொசல்லப் பக்கத்துத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவள்தான். இருந்தாலும் கொழும்பில் படித்துவிட்டு வந்தபிறகு இந்த வாயடைப்பை அவள் வேறு விதமாகப் பார்த்தாள். பயந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்வதாக நினைத்துச் செய்கிற காரியமே பயத்துக்குத் தீனி போடுகிறது. அதை நிறுத்திவிட்டால் பயம் பட்டினி கிடந்து சாகும். படிப்பு அப்படித்தான் சொல்கிறது, எத்தனையோ பேரிடம் அது பலித்தும் இருக்கிறது.

அதனால்தான் போன வாரம் அவளே பிரேமினியுடன் அந்த மலைக்குப் போனாள். பிரேமினியின் நெஞ்சில் பட்டி, காதுமடலில் கிளிப், கையில் சின்னத் திரை. மனம் பதறினால் திரையில் கோடு சிவந்து கருவி கீச்சிடும், தணிந்தால் கோடு பச்சையாகிச் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கும். தன் உடம்பைத் தானே பார்த்து அடக்கப் பழகுவதற்கு அது நல்ல ஏற்பாடு. மத்தியானமே பனி வந்துவிட்டது. பிரேமினி தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சிகளைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கூப்புடுது மிஸ், கூப்புடுது." கருவி கத்திக்கொண்டே இருந்தது. சுலக்ஷனாவுக்கு எதுவுமே கேட்கவில்லை. பதில் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது என்று கெஞ்சிப் பார்த்தாள். பிரேமினியின் பற்கள் கிட்டித்துக்கொண்டன.

நோயாளியால் முடியாததைச் சிகிச்சையாளர் முதலில் செய்து காட்டலாம் என்பதும் படித்ததுதான். சுலக்ஷனா எழுந்து நின்று, பனியைப் பார்த்து, பிரேமினிக்குப் பதிலாகத் தானே உரக்கச் சொன்னாள்.

"இருக்கேன்."

கருவி அந்தக் கணமே அடங்கியது. மாதக்கணக்காக இறங்காத கோடு, அடுப்பிலிருந்து இறக்கிய பால் மாதிரி அமர்ந்துவிட்டது. சுலக்ஷனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அதே பிரேமினி பட்டியும் கிளிப்பும் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"தூக்கம் எப்படி?"

"நல்லா வருது மிஸ். வேலைக்கும் போறேன்."

"பனியில அந்தச் சத்தம்?"

பிரேமினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கேக்குது. எம் பேரச் சொல்லித்தான் கூப்புடுது. ஆனா என்னயக் கூப்புடல. அந்தப் பக்கம் திரும்பி நின்னு கூப்புடுற மாதிரி கேக்குது. மொதல்ல மலையில கேட்டுச்சு. பொறகு ரோட்டுல. இன்னைக்கு நா வந்த பஸ்ஸுக்கு முன்னால கேட்டுச்சு மிஸ்."

"அது எந்தப் பக்கம் போகுதுன்னு நெனைக்கிறீங்க?"

பிரேமினி அவளையே பார்த்தாள். அழுதாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். திரையில் அவளுடைய கோடு பச்சையாகவே ஓடியது. இப்படி அழுகிறவளின் கோடு ஓர் இடத்திலாவது ஏற வேண்டும், அது ஏறவேயில்லை.

"எனக்காகத்தானே வாயத் தொறந்தீங்க. இனிமே யாரு கூப்புட்டாலும் பேசாதீங்க மிஸ். ஒங்களத் தூக்கிக்கிட்டுப் போயிரும்."

சற்றுமுன் தன் வாயிலிருந்து தானாக வந்த சொல்லைப் பற்றி சுலக்ஷனா அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தாள். தேநீர் வாங்கி வருகிறேன் என்று பெற்றீசியாவும் கீழே இறங்கிப் போனாள்.

பனி வந்தது. கடைகளின் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக மறைந்தன, கீழே மஸ்கெலியா மஸ்கெலியா என்று கத்திக்கொண்டிருந்த கண்டக்டரின் குரல் போர்வைக்குள் பேசுவதுபோல அமுங்கி, பிறகு இல்லாமலே போயிற்று, மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாக நனைந்த சாக்கு வாடையும் வெட்டிப்போட்ட பச்சைக் கொழுந்தின் காரமும் மெல்ல அறைக்குள் ஏறி, மேசைமீது, திரைமீது, அவளுடைய கழுத்துக்குப் பின்னால் என்று ஒவ்வோர் இடமாக வந்து தங்கின. தேயிலை மலை ஒன்றும் இந்தக் கட்டடத்துக்கு அருகில் இல்லை.

"பிரேமினி."

படிக்கட்டிலிருந்து கேட்டது.

பெற்றீசியாவாக இருக்கும் என்று நினைத்தாள். பெற்றீசியா கீழே போயிருந்தாள். அதுவும் இல்லாமல், இது கோபமோ பாசமோ இல்லாத குரல். வரிசையாகப் பேர் கூப்பிட்டே தேய்ந்துபோன குரல்.

சுலக்ஷனா பட்டியை எடுத்துத் தன் நெஞ்சில் கட்டினாள். கிளிப்பைக் காதில் மாட்டினாள். கருவி கீச்சிட்டது, கோடு இரத்தச் சிவப்பாக எகிறியது. நல்லது, இது வெறும் பயம், பயத்தை அடக்கத் தெரியும். மற்றவர்களிடம் கேட்கிற கேள்விகளைத் தன்னிடமே கேட்டாள். இந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம்? வேறு விளக்கம் இருக்கலாமா? தூக்கமில்லை. பிரேமினி அழுததைப் பார்த்த கலக்கம். கீழே வேறொரு பிரேமினியை யாரோ கூப்பிடலாம், ஊரில் அந்தப் பெயருக்கா பஞ்சம்?

"பிரேமினி."

கதவுக்கு வெளியே. வெறுங்கால் பலகையில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

உதடுகளை உள்ளே மடித்துக் கடித்தாள். பேசமாட்டேன். செத்தாலும் பேசமாட்டேன். மூச்சை மெதுவாக இழுத்தாள். மெதுவாக விட்டாள். கருவியின் சத்தம் இறங்கியது. இன்னும் இறங்கியது. கோடு மஞ்சளாகி, பச்சையாகி நீண்டது. கதவு திறக்கவில்லை. வெளியே சத்தமில்லை. அவள் பதில் சொல்லவேயில்லை. அப்பாடா என்று கண்ணில் நீர் வந்தது.

கிளிப்பைக் கழற்றலாம் என்று நினைத்தாள்.

கை வரவில்லை.

வலக்கை உச்சந்தலையில் இருந்தது. எப்போது போனது? கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு சிட்டிகை முடியைப் பிடித்தன. வெடுக்கென்று கிள்ளின. தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தன. அதற்குள் இடக்கை வந்தது. பிடித்தது. கிள்ளியது. எறிந்தது.

நிறுத்து.

நிற்கவில்லை.

இன்றைக்கு அவள் வாயை மூடியிருந்து என்ன பயன்? அன்றைக்கு மலையில் "இருக்கேன்" என்றபோதே பேர் கொடுத்தாயிற்று. அது போதும் என்று எடுத்துக்கொண்டது.

அலறினாள். வாய் திறக்கவில்லை. வலித்தது, தலையெல்லாம் எரிந்தது, சூடாக ஏதோ காதுக்குப் பின்னால் வழிந்தது. திரையில் கோடு பச்சை. அழகான, சீரான பச்சை. கருவி அடித்தொண்டையில் தாலாட்டுபோல முனகியது. இத்தனை அமைதியான நெஞ்சை அவள் யாரிடமும் பார்த்ததில்லை.

கைகள் ஓடின. வலது. இடது. வலது. எறிந்த முடி எதுவும் தரையில் விழவில்லை. முதுகுக்குப் பின்னால், மிக அருகில், நனைந்த சாக்கு வாடையோடு யாரோ கூடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நெர விடாமப் பறி," என்றது குரல்.

உச்சி முடிந்தது. நெற்றியோரம் முடிந்தது. விரல்கள் அடுத்த நிரைக்கு, இமைகளுக்கு இறங்கின.