மாசிலாமணியின் முறைத் தண்ணீர்

மாசிலாமணி வரப்பில் நடந்தால் ஆறு கால்களில் ஒன்றுகூடச் சேற்றில் புதையாது. வாய்க்காலின் கீழ்ப்பாய்ச்சல் நிலம் முழுக்க அவன் பெயரில்தான் பட்டா. ஆனால் அவன் ஓர் உழவறிவி, விவசாயம் செய்யும் இயந்திரம்.

அயல்நாட்டார் விளைநிலம் வாங்கக் கூடாது, இந்த மண்ணிலேயே பிறந்து இங்கேயே உழவு கற்றவர்தான் வாங்கலாம் என்றது சட்டம். கடல் கடந்த நோர்வால் நிறுவனத்துக்கு வக்கீல் தியாகேசன் ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுத்தார். வெற்று மூளையோடு ஓர் உழவறிவியை வயலுக்குக் கொண்டுவந்து, அங்கேயே முதன்முதலாக விழிக்க வைத்தார்கள். அக்கம்பக்கத்தைப் பார்த்தே அது தொழில் பழகியது. "அயலாரோ அவர்கள் ஆளோ இவனை ஏவினால் நிலம் அரசுக்கே போகட்டும்" என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்து, இவன் இந்த மண்ணிலேயே பிறந்த உழவன், நிலம் இவனுடையதுதான் என்று தியாகேசன் வழக்கில் ஜெயித்தார். விளைவதை நமக்குத்தானே விற்கப் போகிறான் என்று நிறுவனம் நிம்மதியாக இருந்தது.

அவன் அதிகம் பார்த்தது பக்கத்து வயல் பூங்கோதையை. களை எடுப்பது மட்டுமா, அவளைப் போலவே இடுப்பில் கை வைத்து வானத்தை முறைக்கவும் பழகிவிட்டான் பாவி.

இப்போது பூங்கோதையின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வாய்க்காலில் நூல் போலத்தான் தண்ணீர். அவள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை, அவனுக்குக் கொள்ளி வைத்த அன்றே வந்து போய்விட்டது. மடை திறக்க ஆளில்லை. கருமாதி முடியும்வரை அவள் வயலில் இறங்கக் கூடாது. கதிர் வெளிவரும் பயிர் அதுவரை தாங்காது. வருஷச் சோறு பதராகப் போவதைப் பார்க்கத்தான் அன்று காலை ரோட்டோரம் வந்து நின்றாள்.

அவள் மடை திறந்திருந்தது. அன்று முறை மாசிலாமணிக்கு; அவனோ தன் மடையை அடைத்துவிட்டு நின்றிருந்தான். தியாகேசன் காரிலிருந்து கத்திக்கொண்டே இறங்கினார்.

"டேய், உன் மடையத் திறடா! கம்பெனிக்குப் போற பயிரு காயுது!"

"சாவு வீட்டுப் பயிரு முதல்ல குடிக்கட்டும் சார். போன வருஷம் மேல வயல் ராசு அண்ணன் செத்தப்ப, பூங்கோதை அக்கா தன் முறைய அந்த வயலுக்கு இப்படித்தான் விட்டுக் குடுத்தாங்க."

"நான் சொல்றேன், கேளு!"

"நீங்க ஏவி நான் கேட்டா நெலம் அரசாங்கத்துக்குப் போயிடும். நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?"

தியாகேசன் தொப்பென்று வரப்பில் உட்கார்ந்தார். போன் அடித்தது. நோர்வால்தான். "நம்ம நிலம்தானே அது?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க" என்றார் அவர். "அதைத்தானே நான் கோர்ட்டுல நிரூபிச்சேன்."

புருஷன் செத்ததிலிருந்து அழாத பூங்கோதைக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"உன் பயிரு என்னடா ஆவும், தம்பி?"

"பாதி பதராப் போவும்க்கா. பரவால்ல. என் வீட்டுல சாவு விழுந்தா நீங்க விட மாட்டீங்களா?"

அவனுக்கு இருப்பது ஒரு தகரக் கொட்டகை. அதில் அவனைத் தவிர யாருமில்லை.

"விடுவேன்டா" என்றாள் பூங்கோதை.